மூன்று பென்னி சந்தா

உழைக்கும் வர்க்கத்திற் பிறந்து அரசியலில் உயர்ந்தவர்களைப் பற்றி எழுதப் புகுவோர், அவர்கள் இளமையில் அனுபவித்த வறுமையை விரிவாக வருணித்து, பின்னர் அவர்கள் எய்திய பதவியை அதனருகே வைத்துக் காட்டி, இரண்டுக்கும் இடையேயுள்ள தூரத்தைக் கண்டு வியந்து நின்றுவிடுவது வழக்கம். அந்த வியப்பு நியாயமானதே. ஆயினும் அதனால் நாம் அம்மனிதரைப் பற்றி அறிந்துகொள்வது மிகச் சொற்பம். வறுமை கோடிக்கணக்கானவர்களுக்கு வாய்த்தது; அது அவர்களிற் பெரும்பாலோரை ஒடுக்கி அழித்ததேயன்றி ராஜதந்திரிகளாக ஆக்கிவிடவில்லை. ஒரு தொழிலாளி ஆட்சிப் பொறுப்பை ஏற்கும்போது, தான் பட்ட கஷ்டத்தின் நினைவைத் தவிரத் தன் மக்களிடமிருந்து வேறு எதைக் கையோடு கொண்டுவருகிறார்? என் மனத்தை நெடுநாளாகப் பற்றியிருக்கும் கேள்வி அதுதான். அதற்கு விடை தேடுவதற்கு, பிரிட்டனின் தேசிய சுகாதார சேவையை நிறுவிய அனைரின் பெவனுடைய சரித்திரத்தைக் காட்டிலும் தகுந்த உதாரணம் எனக்குத் தெரிந்தவரையில் வேறில்லை.

வேல்ஸ் நாட்டின் தென்பகுதியில், குன்றுகளுக்கிடையே குறுகி நீளும் சுரங்கப் பள்ளத்தாக்குகளில் ஒன்றில் அமைந்த டிரெடிகர் என்னும் ஊரில், 1897 நவம்பர் 15ஆம் தேதி பெவன் பிறந்தார். தந்தை டேவிட், நிலக்கரி வெட்டும் தொழிலாளி. தாய் ஃபீபி, தையல் வேலையிற் கைதேர்ந்தவர். பிறந்த குழந்தைகள் பத்து, அவற்றுட் சில சிசுப் பருவத்திலேயே மறைந்தன. டேவிட் பகலெல்லாம் பூமிக்கடியில் உழைத்தவராயினும், வேல்ஷ் மொழிக் கவிதையிலும் தேவாலய சங்கீதத்திலும் ஆழ்ந்த பற்றுள்ளவர். சோஷலிஸப் பத்திரிகையை வரவழைத்துப் படித்தவர். பள்ளிக்கூடமோ பையனுக்கு நரகமாயிருந்தது. திக்குவாய், அதன் காரணமாகத் தலைமையாசிரியரின் ஏளனம், ஒரு வருஷம் அதே வகுப்பில் நிறுத்திவைக்கப்பட்ட அவமானம். பதின்மூன்றாம் வயதில் பள்ளியை விட்டு, டைட்ரிஸ்ட் சுரங்கத்தில் வேலைக்கு இறங்கினார். பிற்காலத்தில் காமன்ஸ் சபையில் சர்ச்சிலுக்கு நிகராகப் பேசக்கூடியவர் என்று பகைவரும் ஒப்புக்கொண்ட அந்தப் பேச்சு வன்மை, நாவெழாத ஒரு சுரங்கத்துப் பையன் சொல்லுக்குச் சொல் போராடிச் சம்பாதித்தது. இடறச் செய்யும் சொல் வரும் என்று தெரிந்தால் அதற்கு ஈடான வேறு சொல்லை நொடியில் எடுத்துப் போடவேண்டும். அதற்காகவே அவர் சொற்களைச் சேமித்தார். ஆளில்லாத குன்றுகளின்மீது நடந்துகொண்டே உரக்கப் பேசிப் பழகினார்.

அச்சொற்கள் அவருக்குக் கிடைத்த இடம் டிரெடிகர் தொழிலாளர் சங்கத்தின் நூல் நிலையம். அது எந்தத் தர்மவானும் கட்டிக்கொடுத்ததன்று. தொழிலாளிகள் தங்கள் கூலியிலிருந்து கொடுத்த காசிலே புத்தகம் வாங்கி அடுக்கியது. சரித்திரம், பொருளாதாரம், தத்துவம், நாவல் என்று கிடைத்ததையெல்லாம் அவர் அங்கே படித்தார். பத்தொன்பது வயதிலேயே சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் உள்ளூர்க் கிளைக்குத் தலைவரானார். சங்கத்தின் உபகாரச் சம்பளத்தில் 1919 முதல் இரண்டாண்டு லண்டனிலுள்ள மத்தியத் தொழிலாளர் கல்லூரியிற் கற்றார். ஆகவே, அவரைப் ‘படிக்காதவர்’ என்று சொல்வது பெரும் பிழை. அவருக்குக் கல்வி அளித்தது சர்க்காரன்று, செல்வந்தரன்று. தொழிலாளர் தாமே கட்டிய ஸ்தாபனங்கள்.

அந்த ஸ்தாபனங்களுள் ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். டிரெடிகர் வைத்திய உதவிச் சங்கம் என்பது 1890இல் உருவாயிற்று. சுரங்கத்திலும் இரும்பாலையிலும் உழைத்தோர், ஒரு பவுன் கூலிக்கு மூன்று பென்னி வீதம், அதாவது 240 பென்னியில் மூன்றாக, நூற்றுக்கு ஒன்றேகால் பங்கு சந்தா செலுத்தினர். அந்தப் பணத்திலிருந்து வைத்தியர்களுக்குச் சம்பளம், மருந்து, பல் வைத்தியம், கண்ணாடி, ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் நடந்தன. 1920களில் ஊரின் ஜனத்தொகை ஏறக்குறைய 24,000. அதில் 22,000 பேர் வரையில் அச்சங்கத்தின் பாதுகாப்புக்குள் இருந்தனர். சுரங்கத்தில் இறங்குபவனுக்கு மட்டுமன்றி, அவன் மனைவிக்கும் மக்களுக்கும் அது பொருந்தும். நிதி மந்திரி லாயிட் ஜார்ஜ் 1911இல் கொண்டுவந்த தேசிய இன்ஷூரன்ஸ் சட்டத்திலோ, வைத்தியரைக் காணும் உரிமை சந்தா கட்டிய தொழிலாளிக்கு மட்டுமே. வீட்டிலே நோயோடு கிடக்கும் மனைவிக்கும் குழந்தைக்கும் அச்சட்டத்தில் இடமில்லை. ஆஸ்பத்திரிச் சிகிச்சையும் பொதுவில் அதில் அடங்காது. தேசத்தின் பார்லிமெண்டு கூடிச் செய்தது அவ்வளவு. ஒரு சிற்றூரின் சுரங்கத் தொழிலாளிகள் கூடிச் செய்தது அதைக் காட்டிலும் மேலானது. வைத்தியரை நியமிப்பதும், கணக்குப் பார்ப்பதும், குறை கேட்பதும் தொழிலாளர் கமிட்டியின் வேலை. ஏ. ஜே. கிரோனின் என்னும் இளம் வைத்தியர் 1921 முதல் 1924 வரை அங்கே பணிபுரிந்தார். பின்னர் அவர் எழுதிய ‘சிட்டாடல்’ நாவலில் அந்த ஊரின் அனுபவம் படிந்திருக்கிறது. அந்நாவலில் அக்கமிட்டிகளைப் பற்றிய கசப்பும் உண்டு. கமிட்டி என்றால் பூசலும் இருக்கும். அதை மறைக்க வேண்டியதில்லை. பெவனோ அந்தப் பூசல்களுக்கு நடுவிலேதான், ஊர் ஆஸ்பத்திரியின் நிர்வாகக் குழுவில் உட்கார்ந்து, ஓர் ஆஸ்பத்திரி எவ்வாறு நடக்கிறது, பணம் எங்கிருந்து வந்து எங்கே போகிறது, வைத்தியர் எதற்கு இணங்குவார், எதற்கு இணங்கமாட்டார் என்பதையெல்லாம் நேரிற் கற்றார்.

லண்டனிலிருந்து 1921இல் திரும்பியவருக்கு வேலை கிடைக்கவில்லை. ஊரிலே பெரிய முதலாளியான கம்பெனி, கலகக்காரர் என்று பெயரெடுத்த ஒருவரை மீண்டும் சேர்த்துக்கொள்ள விரும்பவில்லை. ஆண்டுக்கணக்கில் வேலையில்லாத் திண்டாட்டம். அதன் நடுவே 1922இல் ஊர்க் கவுன்சிலுக்குத் தேர்வானார். 1925 பிப்ரவரியில் தந்தை டேவிட், வாழ்நாள் முழுதும் சுவாசித்த நிலக்கரித் தூளால் நுரையீரல் பழுதுற்று, மகனுடைய கைகளிலேயே உயிர் துறந்தார். அந்நோய் அக்காலத்து நஷ்டஈட்டுச் சட்டத்தின்படி தொழிலால் வரும் நோயாகக் கருதப்படாமையால் குடும்பத்துக்கு ஒரு காசும் நஷ்டஈடு கிட்டவில்லை. அடுத்த ஆண்டு வந்த பொது வேலைநிறுத்தத்தில் மற்றத் தொழிலாளர் ஒன்பது நாளில் வேலைக்குத் திரும்ப, சுரங்கத் தொழிலாளர் மட்டும் மாதக்கணக்கில் பட்டினியோடு நின்று, கடைசியிற் தோற்றனர். டிரெடிகரில் அப்போராட்டத்தின் அன்றாட நிர்வாகம், நிதி திரட்டல், உணவு விநியோகம் எல்லாம் பெவனுடைய பொறுப்பாயிருந்தன. தொழிற்சங்க பலத்தினால் மாத்திரம் விமோசனம் கிட்டாது, அரசாங்கத்தையே கைப்பற்றவேண்டும் என்ற தீர்மானம் அத்தோல்வியினால்தான் அவருக்கு உறுதிப்பட்டது.

அதிகாரத்தைத் தேடிய இந்த யாத்திரையைப் பற்றி அவரே பின்னாளில் சபையில் ஒரு விருத்தாந்தம் சொன்னார். சிறு வயதில் தந்தையோடு நடக்கையில், எதிரே வந்த ஒருவரைக் காட்டி, அவர் கவுன்சிலர், மிகுந்த அதிகாரமுள்ளவர் என்று தந்தை கூறினாராம். வளர்ந்து பெரியவனாகி அந்தக் கவுன்சிலுக்குள் போய்ப் பார்த்தால் அதிகாரம் அங்கே இல்லை. மாவட்டக் கவுன்சிலுக்குப் போயிருக்கிறது என்றார்கள். 1928இல் மான்மத்ஷயர் மாவட்டக் கவுன்சிலை அடைந்தார். அங்கிருந்தும் அது போய்விட்டிருந்தது. தொழிலாளி வர்க்கத்து அரசியல்வாதிகள் எத்தனையோ பேர், பதவியை அதிகாரமென்று எண்ணி மயங்கி, நாற்காலியிலே திருப்தியடைந்துவிட்டதை நாம் கண்டிருக்கிறோம். பெவனுக்கு அந்த மயக்கம் நேராமற் காத்தது, காரியத்தைச் செய்யும் சக்தி எங்கே இருக்கிறது என்று விடாமற் கேட்டுக்கொண்டே போன இந்த விவேகம்தான்.

1929இல் எப்வேல் தொகுதியின் பிரதிநிதியாகப் பார்லிமெண்டுக்குள் நுழைந்தார். சாகும்வரை அத்தொகுதி அவரைக் கைவிடவில்லை. அடுத்த பதினாறு ஆண்டுகளை விரைவாகவே கடந்துசெல்லலாம். வேலையில்லாதவனின் வீட்டுக்குள் புகுந்து அவன் பிள்ளையின் சம்பாத்தியத்தையும் கணக்கிட்டு உதவித்தொகையை வெட்டிய சோதனை முறையை அவர் ஓயாது தாக்கினார். 1934இல் ஜென்னி லீயை மணந்தார். அவரும் ஸ்காட்லாந்தின் சுரங்கத் தொழிலாளி ஒருவருடைய மகள், 24ஆம் வயதிலேயே பார்லிமெண்டு உறுப்பினரானவர். 1937இல் ஸ்டாஃபோர்ட் கிரிப்ஸ் முதலியோருடன் சேர்ந்து ‘ட்ரிப்யூன்’ பத்திரிகையைத் தொடங்கினார். பாசிஸத்துக்கு எதிரான ஐக்கிய முன்னணியை வற்புறுத்தியதற்காக 1939இல் தொழிற்கட்சி அவரை வெளியேற்றி, அதே ஆண்டிற் திரும்பச் சேர்த்துக்கொண்டது. யுத்த காலத்திலே தேசமே சர்ச்சிலைத் தெய்வமாகக் கொண்டாடியபோது, யுத்த நிர்வாகத்தின் குறைகளைச் சபையில் எழுந்து சொல்லும் துணிவு அவருக்கு இருந்தது. சர்ச்சில் அவரை அருவருக்கத்தக்க தொல்லை என்று வைதார். இந்திய விடுதலையை உளமார ஆதரித்தவர் என்பதும், கிருஷ்ண மேனனுக்கும் நேருவுக்கும் நண்பர் என்பதும் நம் நாட்டார் நினைவில் வைக்கத்தக்கவை.

1945இல் பிரதம மந்திரி அட்லி தம் மந்திரிசபையை அமைத்தபோது, அதுவரை எந்தப் பதவியும் வகித்திராத, கட்சிக்குள்ளேயே கலகக்காரர் என்று பெயரெடுத்த, 47 வயதான பெவனைச் சுகாதார மந்திரியாக்கினார். பொதுமக்கள் அனைவர்க்கும் சுகாதார சேவை வேண்டும் என்ற எண்ணம் பெவனுடைய கண்டுபிடிப்பன்று. சமூகக் காப்பீட்டைப் பற்றிப் பெவரிட்ஜ் 1942இல் வெளியிட்ட அறிக்கையில் அது இருந்தது. யுத்த கால மந்திரிசபையும் அதை ஏற்றிருந்தது. எண்ணத்துக்கு உருவம் கொடுத்தது பெவன். தர்ம ஆஸ்பத்திரிகள் ஒருபுறம், நகரசபை ஆஸ்பத்திரிகள் ஒருபுறம், ஒன்றில் பணமில்லை, மற்றொன்றில் நிபுணரில்லை என்று சிதறிக் கிடந்தவற்றை, இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக 2,688 ஆஸ்பத்திரிகளை, ஒரே சட்டத்தால் தேசத்தின் உடைமையாக்கினார். நகரசபைகளிடமே விட்டுவைக்கவேண்டும் என்று மந்திரிசபைக்குள் ஹெர்பர்ட் மாரிசன் வாதாடினார். ஏழை ஊருக்கு ஏழை ஆஸ்பத்திரி, பணக்கார ஊருக்கு நல்ல ஆஸ்பத்திரி என்ற அநீதி அதனால் நீடிக்கும் என்று பெவன் மறுத்து வென்றார். செலவுக்குப் பெரும்பகுதி பொது வரியிலிருந்தே வரவேண்டும், சந்தா கட்டினவர் கட்டாதவர் என்ற பேதம் நோயாளியின் வாசலில் கேட்கப்படலாகாது என்பதும் அவருடைய பிடிவாதம். டிரெடிகரில் சந்தாதாரருக்கு இருந்த உரிமையை அவர் நாட்டிலுள்ளோர் அனைவருக்கும் உரியதாக்கினார். தாம் நாடு முழுவதையும் டிரெடிகர் ஆக்குவதாக அவர் சொல்வதுண்டு என்பர்.

வைத்தியர்களின் சங்கம் கடுமையாக எதிர்த்தது. தாங்கள் சர்க்கார் குமாஸ்தாக்களாகிவிடுவோம் என்று அஞ்சிய அவர்கள், 1948 பிப்ரவரியில் எடுத்த வாக்கெடுப்பிற் பெருவாரியாக நிராகரித்தார்கள். சேவை தொடங்க அப்போது ஐந்து மாதமே இருந்தது. இந்த எதிர்ப்பைச் சமாளிப்பதில் பெவன் நடந்துகொண்ட விதமே அவருடைய அரசியலின் உச்சம் என்று நான் கருதுகிறேன். மேடையில் நெருப்பாகப் பேசுகிறவர், பேச்சுவார்த்தையில் நிபுணர்களைத் தனியே பிரித்தெடுத்தார். வைத்தியக் கல்லூரித் தலைவர் மோரன் பிரபுவைத் துணைக்கொண்டு, ஆஸ்பத்திரி நிபுணர்கள் சொந்தத் தொழிலையும் நடத்தலாம், கட்டணப் படுக்கைகள் சில இருக்கலாம் என்று விட்டுக்கொடுத்தார். அவர்கள் வாயைத் தங்கத்தால் அடைத்ததாக அவர் கூறியது இன்றும் வழங்குகிறது. குடும்ப வைத்தியர்களை முழுச் சம்பளக்காரர்களாக ஆக்குவதில்லை என்று சட்டத்திலேயே எழுதிக்கொடுக்க இசைந்தார். இவ்வாறு விட்டுக்கொடுத்ததைச் சித்தாந்தத் துரோகம் என்று கண்டித்தவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. நான் அவர்களோடு உடன்படமாட்டேன். எதை விட்டுக்கொடுக்கலாம், எதைக் கூடாது என்ற கணக்கை அவர் சுரங்கக் கூலிப் பேரத்திலே கற்றிருந்தார். நோயாளி காசு கொடுக்கத் தேவையில்லை என்ற மூலத்தைத் தொடாமல் மற்ற அனைத்தையும் பேரத்துக்கு விட்டார்.

1948 ஜூலை 5ஆம் தேதி சேவை தொடங்கிற்று. மான்செஸ்டரை அடுத்த டேவிஹியூம் பார்க் ஆஸ்பத்திரியைப் பெவன் ஏற்றுக்கொண்டார். 13 வயதுச் சிறுமி ஒருத்தி முதல் நோயாளி. அதைத் தொடர்ந்து வந்த வாரங்களில் வைத்தியர்கள் கண்டது, அதுவரை தேசம் அறியாதிருந்த ஒரு துயரத்தின் கணக்கு. குடும்பச் செலவுக்குப் பயந்து வருஷக்கணக்கில் தம் நோயை ஒருவருக்கும் சொல்லாமல் தாங்கிய பெண்கள் வந்தார்கள். கடைத்தெருவில் வாங்கிய ஏதோ ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு குருடர்போல் தடவிய கிழவர்கள் வந்தார்கள். பற்கள் சொத்தையாகி ஈறு அழுகியவர்கள் இலட்சக்கணக்கில் வந்தார்கள். எதிர்பார்த்த செலவை இந்தக் கூட்டம் விஞ்சியது; இலவசம் என்றவுடன் வீண்விரயம் என்று பத்திரிகைகள் எழுதின. செலவை ஆராய்ந்த கில்லபோ கமிட்டி 1956இல், அவ்வாறு விரயம் நடக்கவில்லை, தேசிய வருமானத்தில் சேவையின் பங்கு குறைந்தே வந்திருக்கிறது என்று அறிக்கை தந்தது.

பிற்காலத்தில் அச்சேவையைத் தாங்கியோரில் நம்மவர்களும் இருந்தார்கள் என்பதை இங்கே சொல்லாமலிருக்க இயலாது. உள்ளூர் வைத்தியர்கள் போக விரும்பாத அதே வேல்ஸ் சுரங்கப் பள்ளத்தாக்குகளுக்கு, இந்தியா, பாகிஸ்தான், இலங்கை நாடுகளின் வைத்தியக் கல்லூரிகளிற் பயின்றோர் 1960களிலிருந்து பெருந்தொகையாகச் சென்று, நிலக்கரித் தூளால் மூச்சுத் திணறிய முதியவர்களுக்குக் குடும்ப வைத்தியர்களாய் இருந்தனர். அவர்களின் பெயர்கள் சரித்திரப் புத்தகங்களில் அதிகமாக வருவதில்லை.

வீட்டு வசதியும் பெவனுடைய இலாகாவே. மரமும் செங்கலும் பஞ்சமான அந்நாளில், சிறிய வீடுகளாகக் கட்டி எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டும்படி எல்லோரும் நெருக்கியபோது, 900 சதுர அடிக்குக் குறையலாகாது, மாடியிலும் கீழும் கழிப்பறை வேண்டும் என்று நின்றார். ஓரிரண்டு வருஷத்தில் வீடுகளின் எண்ணிக்கையைக் கொண்டும், பத்து வருஷத்தில் அவற்றின் தரத்தைக் கொண்டும் நம்மை மதிப்பிடுவார்கள் என்பது அவருடைய வாதம். எண்ணிக்கை குறைந்தது, விமர்சனம் மிகுந்தது. அந்த வீடுகள் நல்ல வீடுகள்.

அவருடைய குற்றங்களையும் கூறவேண்டும். சேவை தொடங்குவதற்கு முந்திய நாள், எதிர்க்கட்சியாரைப் புழு பூச்சியிலும் கீழானவர்கள் என்று பொருள்படப் பேசி, தம் வாழ்வின் மகத்தான தினத்தைத் தாமே களங்கப்படுத்திக்கொண்டார். இளமையிற் பட்ட அவமானத்தின் வெப்பம் அந்தச் சொல்லில் இருந்தது என்பதை அறிவேன். அறிந்தாலும், அது பிழையான சொல். கூட்டாளிகளோடு இசைந்துபோகும் சுபாவமும் அவருக்குக் குறைவு.

1951 ஜனவரியில் கொரியா யுத்தத்தை முன்னிட்டு, மூன்றாண்டில் 4,700 மில்லியன் பவுன் ஆயுதச் செலவு என்று சர்க்கார் தீர்மானித்தது. அதன் பொருட்டு ஏப்ரலில் நிதி மந்திரி கெய்ட்ஸ்கல், பல்செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் பாதி விலையை நோயாளியிடம் வாங்குவது என்று வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார். முதலாண்டில் அதனாற் கிடைப்பது 13 மில்லியன் பவுன். இத்தனை சிறு தொகைக்கா ஒரு மந்திரி ராஜினாமா செய்வார் என்று கேட்டார்கள். தொகை சிறிதென்றால் அதை வாங்குவானேன் என்று பெவனும் கேட்டார். டிரெடிகரிலே சந்தா கொடுத்தவன் பல்லுக்கும் கண்ணுக்கும் மறுபடி காசு கொடுத்ததில்லை. ஒரு முறை அந்த எல்லையைத் தாண்டினால் அடுத்து வரும் சர்க்கார்கள் நிற்கமாட்டா என்று அவர் கண்டார். அவர் ராஜினாமா செய்தார்; ஹெரால்ட் வில்சன், ஜான் ஃப்ரீமன் என்னும் மந்திரிகளும் உடன் விலகினர். அந்த ஆயுதத் திட்டம் நாட்டின் சக்திக்கு அப்பாற்பட்டது என்று பெவன் சொன்னது சரியாகிவிட்டதைச் சில மாதத்துக்குப் பின் பிரதம மந்திரியான சர்ச்சிலே சபையில் ஒப்புக்கொண்டார்.

எஞ்சிய ஒன்பது ஆண்டுகள் உட்கட்சிப் பிளவுகளிலே கழிந்தன. 1955இல் தலைமைப் பதவிக்குப் போட்டியிட்டுக் கெய்ட்ஸ்கலிடம் தோற்றார். சூயஸ் விவகாரத்தில் அவர் 1956இல் டிரஃபால்கர் சதுக்கத்திலும் சபையிலும் ஆற்றிய பிரசங்கங்கள் மிக உயர்ந்தவை. மறு ஆண்டு, ஹைட்ரஜன் குண்டைப் பிரிட்டன் தானாகவே துறக்கவேண்டும் என்ற தீர்மானத்தை எதிர்த்து, தம்மையே நம்பியிருந்த நண்பர்களின் நெஞ்சைப் புண்படுத்தினார். அதை ஏற்க இயலாதவர்களுள் ஒருவரான மைக்கேல் ஃபுட்தான், 1960 ஜூலை 6ஆம் தேதி புற்றுநோயால் பெவன் காலமான பிறகு அவருடைய தொகுதிக்கு வாரிசாகி, அவருடைய சரித்திரத்தையும் இரண்டு பாகங்களாக எழுதினார். ஜென்னி லீ மந்திரியாகித் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை உருவாக்கினார். வேலை பார்த்துக்கொண்டே கற்க விரும்பும் தொழிலாளிக்கு அதன் கதவு திறந்தது.

1951இல் பெவன் தடுக்க முயன்ற கட்டணங்கள் பின்னர் ஒன்றன்பின் ஒன்றாக வந்தே விட்டன. மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் வாங்கும் அதிகாரத்தை 1949இல் அவர் மந்திரியாயிருந்த சர்க்காரே சட்டமாக்கியிருந்தது; அவர் அதை அமலுக்கு வராமற் தடுத்துவைத்திருந்தார். 1952இல் கன்சர்வேட்டிவ் சர்க்கார் அதை அமல் செய்தது. அவரோடு ராஜினாமா செய்த வில்சன் பிரதம மந்திரியாகி 1965இல் நீக்கினார், 1968இல் அவரே திரும்பக் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் அக்கட்டணம் இன்றும் உண்டு. வேல்ஸ் நாடு சுகாதாரத்தைத் தானே நிர்வகிக்கும் உரிமை பெற்ற பின்னர், 2007 ஏப்ரல் 1 முதல் அதை முற்றிலும் ஒழித்துவிட்டது. டிரெடிகரில் இன்று மருந்துச் சீட்டோடு போகிறவர் காசு கொடுக்கவேண்டியதில்லை. பல்லுக்கும் கண்ணாடிக்கும் மட்டும், சிறுவர் முதலிய சிலர் நீங்கலாக, அங்கும் கட்டணம் நீங்கவில்லை; அதை நீக்குவதற்கு ஒருவர் முன்வரவேண்டும்.